மூணே மூணு பாட்டும் ஒரு சர்டிபிகேட்டும்

ரொம்ப நாளாச்சு நம்ம கடைப்பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, புடுங்கி மாளல. இன்னிக்கும் எழுதுற ஐடியா இல்லதான். ஆனா நேத்து எங்க ஏரியா பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒரு பிளெக்ஸ் பேனர் பார்த்தேன். கோட்டு சூட்டு போட்ட ஒரு எட்டு வயசுப் பையன், கையில சர்டிபிகேட். பக்கத்துல கொட்டை எழுத்துல "மூன்றே ஆண்டுகளில் கிரேடு 5!". கீழே அட்மிஷன் நடைபெறுகிறது, போன் நம்பர், இத்யாதி. பையன் மூஞ்சியில சிரிப்பே இல்ல. அதைப் பார்த்ததுல இருந்து வயிறு எரியுது. எழுதித் தொலைச்சாத்தான் தூக்கம் வரும்.

இதைப் பேச உனக்கு என்னடா தகுதின்னு கேக்கப் போறவங்களுக்கு: நான் பொட்டி தட்டுற ஆளு. என் சங்கீத ஞானம் ராத்திரி ஹெட்போன்ல ராஜா பாட்டு கேக்கறதோட சரி. ஆனா எங்க அக்கா பொண்ணு நாலு வருஷமா பியானோ கத்துக்கறா. வயசு பதினொண்ணு. இந்தப் பதிவுக்கு வாண்டுன்னு வச்சுக்குவோம். அக்காவும் மாமாவும் ரெண்டு பேருமே ஷிப்டு வேலை. அதனால வாண்டை கிளாசுக்குக் கூட்டிட்டுப் போறது, வெளியில பைக்ல உக்காந்து கொசுக்கடி வாங்கறது, வீட்ல பிராக்டிஸ் பண்றப்போ பக்கத்துல உக்கார்றது எல்லாம் தாய்மாமன் சீர் வரிசையில சேர்ந்துடுச்சு. அந்தத் தகுதி போதும்னு நினைக்கறேன்.

வாண்டு போன வருஷம் கிரேடு 3 முடிச்சா. ட்ரினிட்டி, 78 மார்க், மெரிட். வீடே கொண்டாடுச்சு, ஸ்வீட் வாங்கினது நான்தான். அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு எங்க பெரியம்மா பேரனுக்குப் பொறந்த நாள். கேக் வெட்டற நேரம், ஹால்ல கீபோர்டு இருக்கு, எல்லாரும் "வாண்டு, ஹேப்பி பர்த்டே வாசிடி"ன்னாங்க. அவ என் காதுகிட்ட வந்து சொன்னா, "மாமா, புக் இல்லையே".

யோசிச்சுப் பாருங்க. உலகத்துல எல்லாக் குழந்தைக்கும் தெரிஞ்ச மெட்டு. ஒரு விரல்ல தடவினா ரெண்டு நிமிஷத்துல கிடைச்சிடும். ரெண்டு கையாலயும் ஒன்றரைப் பக்கம் நோட்ஸ் வாசிச்சு மெரிட் வாங்கின பிள்ளைக்கு, காதுல கேட்டதைக் கட்டையில தேடலாம்னே தோணல. தப்பு அவளோடது இல்ல. நாலு வருஷத்துல ஒருத்தர்கூட அவகிட்ட "உனக்குப் பிடிச்ச பாட்டைத் தேடி வாசி"ன்னு சொன்னதில்ல. அவளுக்குத் தெரிஞ்சது வருஷத்துக்கு மூணு பாட்டு. ஜூன்ல இருந்து மார்ச் வரைக்கும் அதே மூணு. நானே தூக்கத்துல முணுமுணுப்பேன், அவ்ளோ கேட்டிருக்கேன்.

இங்க பரீட்சையைத் திட்டறதுக்கு முன்னாடி அதுல என்ன இருக்குன்னு பார்க்கணும். நான் சிலபஸை இறக்கி வச்சு உக்காந்து படிச்சேன் (ஆணி புடுங்கற நேரத்துலதான், மேனேஜர் இந்தப் பக்கம் வரமாட்டார்). ட்ரினிட்டி காலேஜ் லண்டன் 1877-லயே இந்தப் பரீட்சைகளை ஆரம்பிச்சாச்சு. இன்னொரு பெரிய ஆளு ஏபிஆர்எஸ்எம், அது 1889. ரெண்டுலயும் எட்டு கிரேடு. ட்ரினிட்டி நேர்முகப் பரீட்சையில நூத்துக்கு மார்க். மூணு பாட்டுக்கு தலா 22, ஆக 66. ஸ்கேல் மாதிரி டெக்னிக்கல் சமாச்சாரத்துக்கு 14. மிச்சம் ரெண்டு டெஸ்ட்டுக்கு தலா 10. கிரேடு 5 வரைக்கும் அந்த ரெண்டை நாமளே பொறுக்கிக்கலாம்: முன்னப் பின்ன பார்க்காத நோட்ஸை உடனே வாசிக்கற சைட் ரீடிங், கேட்டு பதில் சொல்ற ஆரல், சொந்தமா வாசிக்கற இம்ப்ரொவைசேஷன், அப்புறம் கேள்வி பதில். பாஸ் மார்க் 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87.

இப்ப இன்ஜினியர் மூளையைத் தட்டி விடுங்க. மூணு பாட்டுலயும் இருபது இருபது வாங்கிட்டா அறுபது. பாஸ். வேற எதுவுமே வேண்டாம். அண்ணா யூனிவர்சிட்டியில அஞ்சு வருஷ கொஸ்டின் பேப்பரை வச்சு பதினாறு மார்க் கேள்வியா உருப்போட்டு ஏறி வந்த கூட்டம் நாம. இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க நமக்கு எவ்ளோ நேரம் ஆகும்? நம்ம ஊர் கிளாஸ்களும் கண்டுபிடிச்சாச்சு.

ஏபிஆர்எஸ்எம் கணக்கு கொஞ்சம் உஷாரானது. மொத்தம் 150, பாஸ் 100. மூணு பாட்டும் சேர்ந்து 90தான். மூணையும் தேவதை மாதிரி வாசிச்சாலும் பாட்டு மட்டும் வச்சு பாஸ் ஆக முடியாது. ஸ்கேலுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, ஆரலுக்கு 18ன்னு வச்சிருக்கான். அதாவது பரீட்சையை உருவாக்கினவனுக்கே தெரிஞ்சிருக்கு, மூணு பாட்டு மனப்பாடம் பண்ணினவன் சங்கீதம் கத்துக்கிட்டவன் இல்லன்னு. கிரேடு 6-க்கு மேல போகணும்னா பொதுவா கிரேடு 5 தியரி வேற முடிச்சிருக்கணும். ஆனா 2020-ல ஏபிஆர்எஸ்எம்மும் பெர்பார்மன்ஸ் கிரேடுன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. நாலு பாட்டை ஒரே மூச்சுல வாசிச்சு வீடியோ எடுத்து அனுப்பணும், அவ்ளோதான். சைட் ரீடிங்கும் இல்ல, ஆரலும் இல்ல. மேடையில வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு அருமையான பரீட்சை அது, நான் குறை சொல்லல. நம்ம கையில அது என்னவா மாறும்னு நான் சொல்லணுமா?

பாட்டு பட்டியலையும் பாருங்க. ஏபிஆர்எஸ்எம் பியானோவுல ஒவ்வொரு கிரேடுக்கும் மூணு பட்டியல், ஒவ்வொண்ணுலயும் பத்துக்குக் குறையாம பாட்டு. முப்பது பாட்டு கண்ணு முன்னாடி இருக்கு. அந்த முப்பதையும் மேய்ஞ்சு, பிடிச்சது பிடிக்காதது பார்த்து, கடைசியா மூணைப் பொறுக்கறதுக்கு வச்ச பட்டியல் அது. எங்க வாண்டுக்கு மூணைப் பொறுக்கிக் கொடுத்தது கிளாஸ். அந்த வருஷம் அந்த கிளாஸ்ல கிரேடு 3 எழுதின அத்தனை பிள்ளைக்கும் அதே மூணு. ஹோட்டல்ல மெனு கார்டை எடுத்து ஒளிச்சு வச்சுட்டு எல்லாருக்கும் மூணு இட்லி வைக்கற கதை.

இங்க யாராச்சும் ஒருத்தர் கண்டிப்பா வந்து "ராஜாவே ட்ரினிட்டியில கிடாருக்குத் தங்கப்பதக்கம் வாங்கினவர் தெரியுமா"ன்னு பின்னூட்டம் போடுவீங்க. தெரியும் சாமி. அந்த வரியைத்தானே பாதி கிளாஸ்காரங்க நோட்டீஸ்ல போடறாங்க. ஆனா வரிசையைப் பாருங்க. பதினாலு வயசுல அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவுல சேர்ந்து ஊர் ஊரா ஆர்மோனியத்தோட சுத்தினவர். மேடையில கூட்டம் கேக்கறதை அப்பவே வாசிச்சாகணும். வருஷக்கணக்கா அப்படி வாசிச்சப்புறம்தான் 1968-ல மெட்ராஸ் வந்து தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய சங்கீதம் படிக்க உக்கார்றார். பரீட்சையெல்லாம் அதுக்கப்புறம். உள்ள ஏற்கனவே கொட்டிக் கிடந்ததுக்கு அது ஒரு முத்திரை. நாம முத்திரையை முதல்ல குத்திட்டு கவருக்குள்ள லெட்டரைப் போட மறந்துடறோம்.

ராஜா ஜீனியஸ், அவரைக் கொண்டு வந்து வாண்டுகூட வைக்காதேன்னா, சரி, ஒரு அப்பாவைப் பார்ப்போம். பாக். 1720 ஜனவரி 22-ம் தேதி தன் மூத்த பையன் வில்ஹெல்ம் ப்ரீடமனுக்குன்னு ஒரு நோட்டு ஆரம்பிக்கறார். பையனுக்கு அப்ப ஒன்பது வயசு. முதல்ல சுரம் எழுதற முறை, அப்புறம் சங்கதிக் குறிகளோட அட்டவணை, அடுத்து எந்த விரலை எங்க வைக்கணும்னு விரல் நம்பர் போட்ட ஒரு குட்டிப் பாட்டு. போகப் போக கஷ்டமாகும். அந்த நோட்டுல அப்பா எழுதினது இருக்கு, வேற ஆளுங்க பாட்டு இருக்கு, பையன் தன் கையால எழுதினதும் இருக்கு. ஒன்பது வயசுப் பையன் வாசிக்க மட்டும் கத்துக்கல, எழுதவும் கத்துக்கறான். இன்னிக்கு பியானோ படிக்கறவங்க மண்டையை உடைச்சுக்கற இன்வென்ஷன்ஸோட ஆரம்ப வடிவம் அந்த வீட்டு நோட்டுல இருந்ததுதான். 1723-ல அதைத் திருத்தி எழுதி, ரெண்டு குரலையும் சுத்தமா வாசிக்கவும், பாடற மாதிரி வாசிக்கவும், நல்ல யோசனைகளைப் பிடிச்சு வளர்க்கவும், பாட்டு கட்டறதோட ருசியைக் காட்டவும்தான் இதுன்னு முகப்புல எழுதி வச்சார் மனுஷன். அந்த நோட்டுல மார்க் போட இடமே இல்ல.

(சைடு கேப்புல ஒண்ணு. பியானோ படிக்கற பிள்ளைங்க ஆரம்பத்துலயே வாசிக்கற அந்த ஜி மேஜர் மினுவெட் இருக்கே, "பாக்"னு போட்டு விக்கறாங்களே, அது பாக் எழுதினதே இல்ல. அவர் மனைவி அன்னா மக்தலேனாவோட 1725 நோட்டுல இருந்த பாட்டு அது. எழுதினது கிறிஸ்டியன் பெட்ஸோல்டுன்னு 1970-களிலேயே கண்டுபிடிச்சாச்சு. அடுத்த தடவை டீச்சர்கிட்ட சொல்லி பல்பு வாங்குங்க.)

இப்ப வீட்டுப் பக்கம் வர்றேன், ஏன்னா உண்மையான சண்டை அங்கதான். கிளாஸ் வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம். பண்டிகை, பரீட்சை, வைரல் காய்ச்சல் எல்லாம் போக வருஷத்துக்கு நாப்பது வாரம் வச்சுக்கோங்க. முப்பது மணி நேரம். வீட்ல தினம் இருபது நிமிஷம் உக்காந்தா வருஷத்துக்கு நூத்தி இருபது மணி நேரம். அதாவது பிள்ளை கத்துக்கறதுல பெரும்பங்கு நம்ம ஹால்ல நடக்குது. ஆனா நாம பீஸ் கட்டிட்டோம், பைக்ல கொண்டு போய் விட்டுட்டோம், கடமை முடிஞ்சதுன்னு டிவி முன்னாடி உக்காந்துடறோம். நம்ம பங்களிப்பு அடுக்களையில இருந்து ஒரு சத்தம்: "தப்பு! முதல்ல இருந்து வாசி!"

இந்த "முதல்ல இருந்து" இருக்கே, இதை யாரு கண்டுபிடிச்சாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும், தேடிப் போய் நாலு வார்த்தை கேக்கலாம். எங்க வாண்டு ஒரு பாட்டுல ஒன்பதாவது பார்ல சறுக்குவா. முதல்ல இருந்து. திரும்ப ஒன்பதுல சறுக்கல். திரும்ப முதல்ல இருந்து. அரை மணி நேரத்துல முதல் எட்டு பாரை முப்பது தடவை வாசிச்சிருப்பா, அது ஏற்கனவே நல்லா வரும். ஒன்பதாவது பாரை முப்பது தடவை தப்பா வாசிச்சிருப்பா. அதாவது தப்பை பிராக்டிஸ் பண்ணியிருக்கா! நம்மள்ல யாராச்சும் தொள்ளாயிரமாவது லைன்ல பக் இருக்குன்னு தெரிஞ்சும் முதல் லைன்ல இருந்து ஒவ்வொண்ணா தட்டிக்கிட்டு வருவோமா? பிரேக்பாயிண்ட் வைப்போம்ல?

அதையேதான் செஞ்சோம். ஒன்பதாவது பாருக்கு ஒரு பென்சில் வட்டம். வலது கை மட்டும், பாதி வேகத்துல, அஞ்சு தடவை. அப்புறம் இடது கை. அப்புறம் ரெண்டும் சேர்த்து, இன்னும் மெதுவா. அப்புறம் எட்டாவது பார்ல இருந்து பத்துக்குப் போற பாலத்தை மட்டும். பதினஞ்சு நிமிஷத்துல சரியாச்சு. இதுல என் புத்திசாலித்தனம் ஒண்ணும் இல்ல. நம்ம கர்நாடக சங்கீதத்துல சரளி வரிசையை முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம்னு காலம் காலமா செய்யறதுதான். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம்னு ஏணி பாட்டுக்குள்ளயே இருக்கு, லண்டன்ல இருந்து யாரும் வந்து படி எண்ணிக் கொடுக்க வேண்டியதில்ல. உடனே மயிலாப்பூர் பக்கம் இருந்து கைதட்டல் வேண்டாம். அங்கயும் "உங்க பொண்ணு எத்தனை வர்ணம் முடிச்சா, எங்க பொண்ணு கீர்த்தனை ஆரம்பிச்சாச்சு"ன்னு மாமிகள் நடத்தற கிரேடு எக்ஸாம் எனக்குத் தெரியும் :)

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்லுது?

"பரீட்சைன்னு ஒண்ணு இல்லாட்டி பிள்ளை உக்காராது." நியாயம். டெட்லைன் இல்லாம நானே ஒரு லைன் கோடு எழுதமாட்டேன். பரீட்சை வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. ஆரம்பக் கிரேடுகள்ல ஒரு அந்நியர் முன்னாடி பத்துப் பன்னெண்டு நிமிஷம் உக்காந்து வாசிச்சுட்டு வர்றது பிள்ளைக்கு நல்ல தைரியம், வாண்டு அன்னிக்கு வெளியில வந்தப்ப ரெண்டு இஞ்ச் வளர்ந்த மாதிரி இருந்தா. என் பேச்சு, ரெண்டு பரீட்சைக்கு நடுவுல இருக்கற வருஷத்தைப் பத்தி. அந்த நடுவுல இருபது முப்பது சின்னப் பாட்டு வாசிச்சிருந்தா கிரேடு தானா வரும். சைட் ரீடிங் வர ஒரே வழி, ரெண்டு கிரேடு கீழ இருக்கற புத்தகத்தை எடுத்து தினம் ஒரு புதுப் பாட்டை வாசிச்சுத் தள்றது. பார்டோக் 153 குட்டிப் பாட்டு எழுதி மிக்ரோகாஸ்மாஸ்னு ஆறு புத்தகம் போட்டு வச்சிருக்கார், முதல் ரெண்டை தன் பையனுக்கே சமர்ப்பணம் பண்ணியிருக்கார். ஆரம்பத்துல ரெண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். நானே வாசிக்கறேன்னா பாருங்க.

"காலேஜ் அட்மிஷனுக்கு உதவும்." எந்த காலேஜ் அய்யா? இங்க இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு, பியானோவுக்கு இல்ல. கிரேடு 6, 7, 8-க்கு இங்கிலாந்துல யூகாஸ் பாயிண்ட் உண்டு, பிள்ளையை அங்க அனுப்பறதா இருந்தா பேசலாம். நாவலூர்ல காலேஜ் சேர்க்கறதுக்கு எதுக்கு இந்த அவசரம்?

"டீச்சர் சொல்றாங்க." இதுலதான் எனக்கு டீச்சருங்க மேல கோவத்தைவிட பரிதாபம் வருது. வாண்டு போற கிளாஸ்ல ஒரு இளம் சார் இருக்கார். வெளியில டீ குடிக்கறப்போ கேட்டேன், ஏன் சார் ஒரு வருஷம் பரீட்சை இல்லாம சும்மா பாட்டு சொல்லித் தரக்கூடாதுன்னு. சிரிச்சுட்டுச் சொன்னார், "சார், உங்களை மாதிரி கேக்கற ஆள் ஒருத்தர். மத்த பேரண்ட்ஸ் எல்லாம் உள்ள வந்ததும் கேக்கற முதல் கேள்வி, அடுத்த கிரேடு எப்போ. நான் பாட்டு சொல்லித் தந்துக்கிட்டு இருந்தா அடுத்த தெரு கிளாசுக்குப் போயிடுவாங்க." பிளெக்ஸ் பேனர் அவங்க அடிக்கறதுதான், ஆனா அதுக்கு ஆர்டர் கொடுத்தது நாம.

இதோட முடிவு என்னன்னு உங்க சொந்தக்காரங்க வீட்டு பீரோ மேல பாருங்க. துணி போர்த்தின ஒரு கீபோர்டு. பக்கத்துல லேமினேட் பண்ணின கிரேடு 4 சர்டிபிகேட். வாசிச்ச பிள்ளை இப்ப ஒன்பதாவதோ பத்தாவதோ, "அதெல்லாம் நிறுத்தியாச்சு, போர்டு எக்ஸாம்". பத்தாவது முடிஞ்சதும் யாரும் பீரோ மேல இருந்து அதை இறக்கறதில்ல. ஏன் இறக்கணும்? அந்தப் பிள்ளைக்கு அது ஒரு பாடம். பாடம் முடிஞ்சா புத்தகத்தை எடைக்குப் போடுவோம்.

இப்ப எங்க வீட்டுப் பஞ்சாயத்துக்கு வர்றேன். கிளாஸ்ல இருந்து அக்காவுக்கு மெசேஜ்: வாண்டு கிரேடு 4-ஐத் தாண்டி நேரா 5 எழுதலாமாம், வரிசையா எழுதணும்னு ரூல் இல்லையாம் (ரூல் இல்லங்கறது உண்மைதான்). பத்தாங்கிளாசுக்குள்ள எட்டையும் முடிச்சிடலாமாம். மூணு பாட்டுக்கும் நோட்ஸ் ஜெராக்ஸ் ரெடியாம். கிரேடு ஏற ஏற கட்டணமும் ஏறும்கறது கொசுறுத் தகவல்.

அக்காகிட்ட போன ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு வருஷம் பரீட்சை வேண்டாம், வாரம் ஒரு புதுப் பாட்டு, அதுல மாசம் ஒண்ணு அவளே காதால கேட்டுத் தேடி எடுக்கற பாட்டு, அடுத்த வருஷம் நாலு எழுதட்டும்னு சொன்னேன். அக்கா கேட்டா, "டேய், உனக்கென்ன, நீ சொல்லிட்டுப் போயிடுவ. அவகூடப் படிக்கற ரெண்டு பிள்ளைங்க அஞ்சு எழுதுதுங்க. நாளைக்கு அவ என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?" அந்தக் கேள்வியில இருந்த பயம் பொய் இல்ல. ஷிப்டு முடிச்சு வந்து அலுப்போட உக்காந்து, பிள்ளைக்குத் தன்னால என்ன குறை வந்துடுமோன்னு நினைக்கற அம்மாவோட பயம். அந்த பயத்தைத்தான் அந்த பேனர் காசாக்குது.

இதுக்கு நடுவுல வாண்டு உள் ரூம்ல இருந்து ஏதோ தட்டிக்கிட்டு இருந்தா. ஒரு பழைய ராஜா பாட்டோட பல்லவி, வலது கையில மட்டும். ரெண்டு சுரம் தப்பு. நிறுத்தி, தேடி, ஒண்ணைச் சரி பண்ணினா. அக்காவும் கேட்டா. ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் சொல்லல.

அப்ளிகேஷன் போட இன்னும் ஒன்பது நாள் இருக்கு.

டிஸ்கி 1: நான் சங்கீத டீச்சர் இல்ல. சொல்லித் தர்ற பதிவர்கள் யாராச்சும் இருந்தா, உங்க பக்கத்து நியாயத்தைக் கொஞ்சம் விரிவா எழுதுங்க, லிங்க் கொடுக்கறேன்.

டிஸ்கி 2: பிள்ளை கிரேடு 8 டிஸ்டிங்ஷன் வாங்கின பெற்றோர் என்னைக் கும்மலாம், தப்பில்ல. கும்மறதுக்கு முன்னாடி பிள்ளையைக் கூப்பிட்டு, புக் இல்லாம ஹேப்பி பர்த்டே வாசிக்கச் சொல்லிட்டு வாங்க.